உயிரோடு இருப்பவரை எடுப்பார்களா?

"எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?"

எங்கள் மதுரைப் பக்கம் இந்தக் கேள்வியை இரண்டு இடங்களில் கேட்கலாம். பஸ் நிலையத்தில் கேட்டால் வண்டி புறப்படும் நேரத்தைச் சொல்வார்கள். பந்தல் போட்ட வீட்டு வாசலில் குரலைத் தாழ்த்திக் கேட்டால், சடலம் புறப்படும் நேரத்தைச் சொல்வார்கள். மூன்றாவதாக ஓர் இடத்தை நான் சேர்த்துவைத்தேன்: ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவு.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் பத்தொன்பது ஆண்டுகளாக எனக்குச் சோறு போடும் தொழில். கதையும் கவிதையும் அல்ல. மருந்து விவரத் தாள், அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம், குக்கரோடு வரும் கையேடு, இப்படிப்பட்டவை. அந்த மருத்துவமனைக்காக, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அறிவுரைத் தாளைத் தமிழில் எழுதித் தந்தேன். உறவினர்கள் மாலை 4 மணிக்குள் வந்து நோயாளியை 'டேக்' செய்துகொள்ளலாம் என்று மூலத்தில் இருந்தது. நான் எழுதியது: "நோயாளியை மாலை 4 மணிக்குள் எடுத்துச் செல்லவும்." இலக்கணப் பிழை கிடையாது. ஒற்றுப் பிழைகூடக் கிடையாது. சரிபார்த்தவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து தேறியிருந்த பெரியவர் ஒருவரின் மகன் அந்தத் தாளை வாங்கிப் படித்தவர், வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். உள்ளே அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே மகன் சித்தப்பாவுக்குப் போன் போட்டு அழுகிறார். வார்டில் இருந்த செவிலியர்தான் ஓடிப்போய், "அண்ணே, அப்பா நன்றாக இருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் எழுதியிருக்கிறது" என்று தேற்றியிருக்கிறார். மறுநாள் அந்தச் செவிலியர் என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். கோபப்படவில்லை. "அக்கா, உயிரோடு இருப்பவரை எடுப்பார்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குத்தான் 'டேக்' என்ற சொல்லை நின்று பார்த்தேன். அதுவரை பார்த்ததே இல்லை. கண்ணில் 'டேக்' பட்டதும் கை தானாக 'எடு' என்று தட்டிக்கொண்டிருந்தது.

ஆங்கிலத்துக்கே அது வெளியூர்ச் சொல். பழைய ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது 'நிமன்' என்ற வினை. ஜெர்மன் மொழியில் இன்றும் அதன் உடன்பிறப்பான 'நேமென்' இருக்கிறது. வைக்கிங்குகளின் மொழியிலிருந்து 'டாகா' வந்து சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதை வெளியே தள்ளிவிட்டது. மரத்துப்போன விரலை ஆங்கிலத்தில் 'நம்' என்கிறார்களே, அது அந்தப் பழைய வினையின் மிச்சம். பிடுங்கிக்கொள்ளப்பட்டது, பறிபோனது என்பது அதன் அடிப்பொருள். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருள் சட்டென்று விளங்கும்.

கையால் பற்றுவதில் தொடங்கிய 'டேக்', போகப் போகக் கையையே மறந்துவிட்டது. குளியல், பேருந்து, மாத்திரை, தேர்வு, நாற்காலி, கோபம் என்று எதன் முன்னாலும் போய் நிற்கும். பொருள் முழுவதும் பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. தமிழ் 'எடு' அப்படிக் காலியான சொல் அல்ல. அதன் அடியில் மேலே தூக்குவது இருக்கிறது, உள்ளே இருப்பது வெளியே வருவது இருக்கிறது. எடுப்பான மூக்கு, குரலெடுத்துப் பாடுவது, பசி எடுப்பது, தாகம் எடுப்பது, வாந்தி எடுப்பது, கடைசியில் பாடையோடு சேர்த்துத் தூக்குவது. இவ்வளவு சுமையோடு நடக்கும் சொல்லைக் கொண்டுபோய், காலியாகத் திரியும் ஒரு சொல்லுக்கு நிரந்தரப் பதிலியாக நான் உட்கார்த்திவைத்திருந்தேன்.

ஆளைக் 'கொண்டுபோகும்' விஷயத்திலேயே தமிழ் எவ்வளவு கறாராக இருக்கிறது பாருங்கள். பெரியவரை அழைத்துச் செல்ல வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கைக்குழந்தை என்றால் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஸ்கேன் படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நடப்பவரா, நடக்க முடியாதவரா, மரியாதைக்குரியவரா, பொருளா என்று ஆங்கில வாக்கியம் ஒன்றும் சொல்லாது. தமிழில் எழுதுபவர் அதை விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் எழுதவே முடியாது. அந்தத் தாளில் இப்போது இருப்பது, "மாலை 4 மணிக்குள் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்." 'வீட்டுக்கு' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். மூலத்தில் அது இல்லை. அந்த மகனுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

எடுத்துச் சென்ற கதையாவது ஒரு நாள் அழுகையோடு முடிந்தது. மாத்திரைக் கதை அதைவிட மோசம். அதில் யாரும் அழவில்லை. அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை.

மருந்து விவரத் தாள்களை அச்சுக்கு அனுப்பும் முன், படிக்கப்போகிற மாதிரியான மனிதர்களிடம் வாசித்துக் காட்டிச் சோதிக்கும் வழக்கம் உண்டு. சர்க்கரை நோய் மாத்திரை ஒன்றின் தாளோடு, மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒரு சுகாதாரப் பணியாளரோடு போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் வாசித்தேன்: "காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்ளவும்."

"புரிந்ததா ஆத்தா?"

"ஏன் புரியாமல்? நன்றாகப் புரிந்தது."

நான் சரிக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக இருந்தேன். கூட வந்த பணியாளர் விடவில்லை. "அப்படியென்றால் நாளைக்குக் காலையில் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள்" என்றார். பாட்டி அட்டையைக் கையில் வாங்கி, ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்து, கயிற்றை இழுத்துவிட்டார். "எடுத்துக்கொண்டேன். வயலுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டு அப்புறம் சாப்பிடுவேன்."

உணவுக்கு முன் எடுத்துக்கொண்டார், உணவுக்குப் பின் சாப்பிடுவார். என் வாக்கியத்துக்கு ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கீழ்ப்படிந்திருக்கிறார். 'எடுத்துக்கொள்' என்றால் நம் மொழியில் அதுதானே? குடையை எடுத்துக்கொள், டிக்கெட்டை எடுத்துக்கொண்டாயா, இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொள். உனக்கென்று வைத்துக்கொள் என்று பொருள். வாய்க்குள் போவது அதில் இல்லை. நகரத்தில் ஆங்கிலம் கலந்து பழகிய காதுக்குத்தான் 'மாத்திரை எடுத்துக்கொள்' என்பது விழுங்குவதாகக் கேட்கிறது. அந்தக் காது எனக்கு இருந்தது, பாட்டிக்கு இல்லை.

இதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. எங்கள் தொழிலில் தரம் பார்க்க, தமிழை வேறொருவரிடம் கொடுத்து மறுபடியும் ஆங்கிலமாக்கச் சொல்வார்கள். அவர் மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது. இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி என்று முடிவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் 'எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதினால் அது நேராக 'டேக்' என்று திரும்பிப் போகும்; நூற்றுக்கு நூறு மதிப்பெண். 'தண்ணீரோடு விழுங்கவும்' என்று எழுதினால் வேறொரு வினையாகத் திரும்பிப் போகும். சிவப்பு மையில் கேள்வி வரும். பாட்டியின் சுருக்குப்பைக்குள் மாத்திரையை அனுப்பும் வாக்கியத்துக்குப் பாராட்டு, வாய்க்குள் அனுப்பும் வாக்கியத்துக்கு விளக்கக் கடிதம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அந்த விளக்கக் கடிதத்துக்குப் பயந்து வாக்கியத்தைக் கெடுக்காதீர்கள். விளக்கம் எழுத ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

'ஐந்து நிமிடம் எடுக்கும்' என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? நேரம் ஆகும் அல்லது பிடிக்கும். 'எடுக்கும்' என்று பத்திரிகைகளே எழுதத் தொடங்கிவிட்டன, இனி அதோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். நான் 'ஆகும்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரைக்குத் திரும்புவோம். அந்தத் திண்ணைக்குப் பிறகு ஒரு பழைய நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். செய்த முறை இவ்வளவுதான்: வாக்கியத்தில் 'டேக்' இருக்கும் இடத்தை விரலால் மறைத்துவிடுவேன். மிச்சம் இருக்கும் பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்து, இதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் கையாலும் வாயாலும் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுக்கொள்வேன். சாதாரண மாத்திரை என்றால் விழுங்குவார். மென்று தின்னும் மாத்திரை என்றால் மெல்லுவார். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என்றால் வைத்துக் கரையவிடுவார். அங்கே 'விழுங்கவும்' என்று எழுதினால் ஆபத்து, 'எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதினாலும் பாதி ஆபத்து. நுரைத்துக் கரையும் மாத்திரை என்றால் தண்ணீரில் போட்டுக் குடிப்பார். சிரப்பைக் குடிப்பார். இன்ஹேலரை உறிஞ்சுவார். ஊசியைப் போட்டுக்கொள்வார். ஆங்கிலத்தில் இதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே 'டேக்' போதும்.

வீட்டில் நாம் 'மாத்திரை போட்டுக்கொண்டாயா' என்றுதான் கேட்கிறோம். பேச்சுக்கு அதைவிட இயல்பான சொல் இல்லை. ஆனால் தாளில் "மாத்திரையைப் போடவும்" என்று அச்சடித்தால் எங்கே போடுவது என்று ஒருவர் கேட்கக்கூடும், கேட்டும் இருக்கிறார். 'உட்கொள்ளவும்' என்பது பாட்டில்களில் காலங்காலமாக இருக்கும் சொல். தவறு இல்லை. அதைப் படித்ததும் தலைமையாசிரியர் முன் நிற்பது போல் எனக்குத் தோன்றும், அதனால் வேறு வழி இல்லாதபோது மட்டும் அதைக் கூப்பிடுகிறேன். நான் பார்த்தவரை முதியவர்கள் தடுமாறாமல் புரிந்துகொள்வது 'சாப்பிடவும்'.

இப்படிச் சூடு பட்டவர்கள் எல்லாவற்றையும் ஊதி ஊதிக் குடிப்பார்கள். நானும் ஓராண்டு அப்படி இருந்தேன். 'எடு' என்று எங்கே கண்டாலும் வெட்டினேன். "ரத்தம் எடுப்பதற்கு" என்பதை "குருதி மாதிரி சேகரிப்பதற்கு" என்று மாற்றி, ஆய்வகத்துக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரத்தம் எடுப்பதும், எக்ஸ்ரே எடுப்பதும், படம் எடுப்பதும், விடுப்பு எடுப்பதும் தமிழில் நன்றாக வேரூன்றியவை. ஆனால் அதே ஆய்வகத்தில் காய்ச்சலை எடுக்க மாட்டார்கள், பார்ப்பார்கள். ரத்த அழுத்தமும் பார்ப்பதுதான். நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'டேக்' சொல்லலாம். இதற்கெல்லாம் விதி எழுத முயன்று கைவிட்டேன். துணியை எடுக்கிறோம், அரிசியை வாங்குகிறோம். தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகிறவர் வழியில் தக்காளி வாங்கிக்கொண்டு வருகிறார். இரண்டும் காசு கொடுத்துத்தான். பெண் எடுப்பதற்கு மட்டும் காசு கொடுப்பதில்லை, வாங்கிக்கொள்வதும் உண்டு. இதற்கு என்ன விதி சொல்ல?

சில இடங்களில் 'எடு' இரண்டு மொழியிலும் இருக்கும், ஆனால் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஒரு தொழில்முனைவோரின் வாழ்க்கைக் குறிப்பில், கல்லூரிக் காலத்தில் அவர் மாலை நேர வகுப்புகள் 'டேக்' செய்தார் என்று இருந்தது. "மாலை நேர வகுப்புகள் எடுத்தார்" என்று எழுதினேன். ஒரே சொல்லில் மாணவரை ஆசிரியராக்கிவிட்டேன். நம் ஊரில் வகுப்பு எடுப்பவர் ஆசிரியர். மாணவர் வகுப்புக்குப் போகிறவர். தேர்வும் அப்படித்தான். நாம் தேர்வு எழுதுகிறோம். இலங்கையில் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். "பரீட்சைக்குத் தோற்றிய மாணவர்கள்" என்று ஒரு கொழும்புச் செய்தியை முதன்முதலாகப் படித்தபோது, இத்தனை பிள்ளைகள் தோற்றுப்போனார்களா என்று பதறினேன். தோற்றுதல் வேறு, தோற்பது வேறு என்பது எனக்கு உறைக்க அரை நிமிடம் ஆனது. அதே செய்தித்தாளில் ஒரு விபத்து 'இடம்பெற்றது' என்று இருந்தது. தமிழ்நாட்டில் கவிதை தொகுப்பில் இடம்பெறும், வீரர் அணியில் இடம்பெறுவார், விபத்து நடக்கும். இலங்கைத் தமிழர்களுக்கும் சேர்த்து எழுதும் வேலை என்றால் இப்போது முதலிலேயே கேட்டுவிடுகிறேன், எந்தக் கரைக்கு என்று.

மருந்து நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலியின் சொற்கள் வந்தபோது வேறு வகையான சிக்கல். மென்பொருள் மொழிபெயர்ப்பில் வாக்கியம் வராது. அட்டவணையில் ஒற்றைச் சொற்கள் வரும். ஒரு கட்டத்தில் 'டேக்', அடுத்ததில் 'ஸ்கிப்', அதற்கடுத்து 'டேக்கன்'. சுற்றிலும் எதுவும் இல்லை. கேமராவா, மாத்திரையா, பஸ்ஸா தெரியாது. விரலால் மறைத்தால் மிச்சம் ஒன்றுமே இல்லை. அவசரத்தில் ஒருவர் 'எடு', 'தவிர்', 'எடுக்கப்பட்டது' என்று அனுப்பியிருந்தார். எழுபது வயதுக்காரர் காலையில் போனைத் திறந்ததும் அது அவரைப் பார்த்து 'எடு' என்று அதட்டும். திரைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் (சினிமா அல்ல, செயலியின் திரைகளை எடுத்த படங்கள்) ஒன்று தெரிந்தது: அந்தப் பொத்தானை அழுத்துவது நோயாளி. அப்படியென்றால் பேசுவதும் நோயாளிதான். 'சாப்பிட்டுவிட்டேன்', 'இந்த வேளை வேண்டாம்' என்று மாற்றினேன். பொத்தானில் இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் முகம் சுளித்தார். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிச் சமாளித்தார்.

இவ்வளவுக்கும் நடுவில், 'டேக்' என்பதற்குத் தமிழில் நிஜமான சொந்தக்காரர் யார் என்று கேட்டால், 'எடு' அல்ல, 'கொள்' என்பேன். இந்த அண்டா முப்பது லிட்டர் கொள்ளும், மண்டபம் இருநூறு பேர் கொள்ளும் என்னும்போது ஆங்கிலமும் அதே இடத்தில் 'டேக்' சொல்லும். கொள்முதல், கொள்ளளவு என்று அலுவல் தமிழில் இன்னும் தலைநிமிர்ந்து இருக்கிறது. ஆனால் அதன் பெரும்பாலான உழைப்பு வாலில் நடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். மனதில் வைத்துக்கொள். தப்பாக நினைத்துக்கொள்ளாதே. ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் ஒரு 'டேக்' தலையில் நிற்கிறது, தமிழில் அது கடைசி ஆளாக வருகிறது. இதைப் பார்த்த பிறகு சில வாக்கியங்கள் எளிதாக வந்தன. வினையை முன்னால் தேடாமல், வேறொரு வினையை முன்னால் போட்டு 'கொள்' என்று முடித்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அதுவும் முடியாதபோது சொற்களையே விட்டுவிட வேண்டும். ஒருவரை மதிக்காமல், எப்படியும் இருப்பார் என்று நினைப்பதை ஆங்கிலத்தில் 'டேக்' வைத்து மூன்று சொல்லில் சொல்வார்கள். அதற்கு நான் ஒரு வாரம் அகராதி புரட்டியிருக்கிறேன். ஒருநாள் காய்கறிக்காரப் பெண்மணி யாரிடமோ, "என்னை என்ன கிள்ளுக்கீரை என்று நினைத்தாயா?" என்று கேட்டார். பையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

சென்ற மாதம் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களுக்கான ஒரு சிறு புத்தகம் வந்தது. அதில் ஒரு வரி: ஒவ்வொரு நாளாக 'டேக்' செய்யுங்கள். ஆங்கிலத்தில் ஆறுதலான வரிதான். "ஒரு நேரத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மென்பொருள் தந்தது. மருந்துச் சீட்டு போல இருந்தது. "ஒவ்வொரு நாளாக எதிர்கொள்ளுங்கள்" என்று நான் எழுதினேன். போருக்குப் போவது போல இருந்தது. மூன்று நாள் அப்படியே கிடந்தது. பிறகு அந்தச் செவிலியரை அழைத்தேன். இப்போது அவர் வேறு மருத்துவமனையில் புற்றுநோய் வார்டுக்குப் பொறுப்பாக இருக்கிறார்.

"பயந்துபோய் இருப்பவர்களிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

அவர் யோசிக்கவே இல்லை. "நாளைக்கு நடப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் அம்மா, இன்றைக்கு இந்தக் கஞ்சியைக் குடியுங்கள் என்பேன் அக்கா."

முதல் பாதியை அப்படியே வைத்தேன். எதிர்பார்த்தது போலச் சிவப்பு மையில் கேள்வி வந்தது: மூலத்தில் 'நாளை' என்ற சொல் இல்லை, 'டேக்' என்பதற்கான சொல் தமிழில் இல்லை, விளக்கவும். 'பார்த்துக்கொள்ளலாம்' என்பதில் அது கடைசியில் இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். கஞ்சியை விட்டுவிட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.